பூப் படத்துக்குள் பதுங்கும் வீரர்

அநியாயத்தை எதிர்ப்பவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. இவர் எதிர்ப்பார், யாருக்கும் தெரியாமல் எதிர்ப்பார். கணினியில் ஒரு பூவின் படத்தை எடுத்து, அதிலுள்ள லட்சக்கணக்கான புள்ளிகளின் நிறத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு கூட்டியும் குறைத்தும், அந்த நுண்ணிய வித்தியாசங்களுக்குள் தன் கோபத்தை எழுத்தெழுத்தாகச் செருகி, தனக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லால் பூட்டிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். பூ பழைய பூதான். அநியாயமும் பழைய அநியாயம்தான்.

இந்த ரகத்தில் ஒருவர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கணினிப் பிரிவைக் கவனிக்கிறார். அங்கே வெட்டும் இயந்திரம் ஒரு பெண்ணின் இரண்டு விரல்களைத் தின்றுவிட்டது. வேகம் போதாதென்று அதன் காப்புத் தகட்டைக் கழற்ற வைத்தவர் மேலாளர். "அந்தப் பொண்ணு செல்போன் பார்த்துட்டிருந்தா" என்று பழி போட்டவரும் அவரே. கேமராப் பதிவில் உண்மையைப் பார்த்தவர் நம் வீரர். மேலாளர் சொன்னதும் அதை அழித்தவரும் நம் வீரர்.

கட்டுப் போட்ட கையோடு அவள் வந்து நின்றாள்.

"அண்ணே, நாளைக்கு விசாரணை. தகட்டைக் கழட்டச் சொன்னது அவருதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லாட்டி வேலையும் போயிடும், பழியும் எம்மேலதான்."

"கவலைப்படாதம்மா. நான் பண்ற விதமே வேற."

வேறுதான். வீட்டுக்குப் போய், நடந்த அத்தனையையும் எழுதி ஒரு சூரியகாந்திப் படத்துக்குள் புதைத்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பூவுல என்னங்க இருக்கு?"

"உண்மை இருக்கு."

"எங்க?"

"பார்த்தா தெரியாது. அதுதான் இதோட சிறப்பு."

"தெரியக்கூடாதுன்னா பேசாம படுத்துத் தூங்கலாமே."

காலையில் அந்தப் படத்தை வணக்கம் சொல்லித் தொழிற்சாலைக்காரர்களின் செல்போன் செயலிக் குழுவில் போட்டார். படங்களைச் சுருக்கித்தான் அனுப்பும் அந்தச் செயலி. சுருக்கும்போது முதலில் தூக்கி எறிவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வித்தியாசங்களைத்தான். கணினிப் பிரிவுக்காரருக்கு இது தோன்றவில்லை. எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது வெறும் பூ. மேலாளர் ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவருக்குத்தான் எல்லா விரலும் இருக்கிறதே.

விசாரணையில் நம் வீரரை வாயைத் திறக்கச் சொன்னார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றார். அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

வாசலில் கேட்டாள்: "ஏண்ணே பேசல?"

"நான் சொல்ல வேண்டியதை எல்லாருக்கும் அனுப்பிட்டேம்மா. புரிஞ்சுக்கிற காலம் வரும்."

"எனக்கு வந்தது பூதாண்ணே."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்குப் படத்தில் எழுத்தைப் புதைக்கத் தெரியாது. அவ்வளவு பாடுபடத் தேவையும் இல்லை. போன வாரக் கூட்டத்தில், இல்லாத ஒருவர் தலையில் எல்லோருமாகப் பழியைத் தூக்கி வைத்தபோது, நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளே எப்படிக் கொதித்தீர்களோ, பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூடத் தெரியவில்லை. தேர்ந்த கை நீங்கள்.