கோழிக்கடை வாசலில் பெஞ்சு

தென்காசி,
சாரல் பொழுது.

புனேயில் குடியிருக்கும் அருமைத் தங்கை இராமலட்சுமிக்கு அண்ணன் குத்தாலிங்கத்தின் ஆசிகள். இங்கே நான் சௌக்கியம், சாரல் என்னைவிடச் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

"அருவிப் பாதையில நடுவுல உக்கார ஒரு இடம் இருந்தா குத்தாலத்துக்கு வாரேன், இல்லன்னா வரல" என்று போனில் சொன்னாயே, அதற்காகத்தான் பெரியவர்களுக்கேற்ற ஊர் அமைக்கும் திட்டத்தில் பெயர் கொடுத்தேன். உமாதேவி என்ற இன்ஜினியர் பிள்ளை எங்கள் கூட்டாளிகள் எல்லோர் கையிலும் வாட்ச் மாதிரி ஒரு பட்டையைக் கட்டிவிட்டது. நாங்கள் அதிக நேரம் இருக்கும் இடம் கம்ப்யூட்டர் மேப்பில் சிவக்குமாம். சிவந்த இடத்தில் பெஞ்சு, கைப்பிடி, கழிப்பறை எல்லாம் வருமாம். சரி, அருவிப் பாதையைச் சிவக்க வைத்துவிடுவோம் என்று கிளம்பினோம்.

பட்டை நனைந்தாலும் ஒன்றும் ஆகாது என்று அந்தப் பிள்ளை படித்துப் படித்துச் சொல்லியிருந்தது. ஆனால் அருவிக்குப் போனால் வாட்சைக் கழற்றி ஓர் ஆளிடம் கொடுக்காமல் குளிக்க நமக்குத் தெரியுமா? ஜலதோஷத்தால் குளிக்காமல் நின்ற இசக்கிப்பாண்டியிடம் எல்லாப் பட்டையையும் மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தோம். "அண்ணாச்சி, நீங்க நிம்மதியா குளிங்க, நான் இங்கனயே நிக்கேன்" என்றான். நின்றானா பாவி? சளிக்கு மிளகுக்கோழி நல்லது என்று பையோடு பரோட்டாவும் கோழியும் போடும் கடைக்குப் போய், நாங்கள் தலை துவட்டி முடிக்கும்வரை அங்கேயே சட்டமாக உட்கார்ந்துவிட்டான். மறுவாரம் மேப்பைப் பார்த்தால், தென்காசிப் பெரியவர்கள் அத்தனை பேரும் கோழிக்கடை வாசலில் செக்கச்செவேலென்று இருக்கிறோம். பெஞ்சும் அங்கேதானாம். "சைவம்னு சொன்னீங்களே, தாத்தா?" என்று உமாதேவி வேறு கேட்டது. மானம் போயிற்று.

அப்பா நம்மை அருவிக்குக் கூட்டிப்போன நாளெல்லாம் நினைவுக்கு வந்தது. எல்லோர் துணியையும் அப்பா வாட்சையும் மடியில் வைத்துக்கொண்டு, சாரலில் வெடவெடத்தபடி, அந்தப் பாறையை விட்டு நீ அசைந்ததே கிடையாது. "ஏட்டி, நீயும் போய்க் குளி"ன்னு அம்மா சத்தம் போட்டாலும் கேக்க மாட்ட. அப்படி ஒரு ஆள் எங்களுக்கு இன்னும் கிடைக்கல, தாயி. உன்னை ரொம்பத் தேடுது.

ஆகவே, இந்த வருஷம் நீ வர வேண்டாம். உட்கார இடம் கிடையாது. மாப்பிள்ளைக்கு என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். குற்றாலநாதர் உன் முழங்காலைக் காப்பாற்றட்டும்.

அண்ணன்
குத்தாலிங்கம்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் விட்டுத் தள்ளு. உமாதேவி இப்போதுதான் போன் செய்தது. பட்டையைக் கட்டி இன்னொரு தடவை அளந்து பார்ப்பார்களாம். உடனே டிக்கெட் எடு. நாங்க குளிக்கப் போயிருவோம், பட்டை அத்தனையும் உன் மடியில. பாதையில முழங்கால் எங்கன வலிக்குதோ அங்கனயே உக்காரு, மடக்கு நாற்காலி நான் தூக்கிட்டு வாரேன். நீ உக்காந்த இடத்துலதான் பெஞ்சு. நான் வந்து கூப்பிடுத வரைக்கும் எந்திரிச்சிராத.