அது செங்கோல் இல்லை, அகப்பை

இலேமோ,
சந்தைக்கு மறுநாள்.

அன்பும் படிப்பும் நிறைந்த தம்பி லாடெலேவுக்கு, காராமணி அரைத்து அகாரா வடை சுட்டு விற்கும் உன் அக்கா அவேரோ எழுதுவது. குளிருக்கு ஒரு கும்பிடு, வேலைக்கு ஒரு கும்பிடு, லண்டன் ரயிலில் நின்றுகொண்டே போகிறாயாமே, அப்படி நிற்பதற்கும் ஒரு கும்பிடு. இங்கே நான், என் வீட்டுக்காரர், ஆடு, கோழி எல்லோரும் சுகம். ஆடு என் வீட்டுக்காரரைவிடக் கொஞ்சம் கூடுதல் சுகம். நான் நாலாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

நீ அரண்மனைக்கு எழுதிய கடிதமும் போட்டோவும் வந்தன. ராஜா எங்களை முற்றத்தில் உட்கார வைத்து அதை உரக்கப் படிக்கச் சொன்னார். “இங்கே ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நம் ஊர் மரமுகமூடி இருக்கிறது, அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரி கொண்டுபோனது, ‘இலேமோ மன்னர், முகம் மறைக்கும் மணிமுடியும் செங்கோலும் தாடியில் முத்துகளும்’ என்று அதன் கீழே எழுதியிருக்கிறது, நான் கேட்டுக் கேட்டுத் திருப்பித் தரச் சம்மதித்துவிட்டார்கள், முதல் மழைக்குப் பிறகு கெலெடே முகமூடி ஆட்டத்தின்போது நானே கொண்டுவருகிறேன்” என்று நீ எழுதியதைக் கேட்டு ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் பையனுக்கு அன்னைக்கே பட்டம் கட்டுறேன்” என்றார். சின்ன வயதிலேயே பட்டக்காரர்களைப்போலத் தொப்பியைச் சாய்த்து வைத்து நடந்து பழகியவனாயிற்றே நீ, எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அப்போதுதான் அந்தப் போட்டோ மரம் செதுக்கும் ஓலோனாடே கைக்குப் போயிற்று. மனுஷன் அதை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், பிறகு இருமத் தொடங்கி முற்றத்தைவிட்டே வெளியே போய்விட்டார்.

மறுநாள் விடியும்போது என் அடுப்படிக்கு வந்து நின்றார். “ஏ அவேரோ, அது கிரீடமா?” என்றார். “முகத்தை மூடியிருக்கே அண்ணே, ராஜா கிரீடத்து மணிச்சரமும் முகத்தை மூடாதா?” என்றேன். “மூடும். காராமணி வேகவைக்கிற பானையும் மூடும், உள்ளே தலையை விட்டா. எங்க தாத்தா செதுக்கினது எனக்குத் தெரியாதா? அது உங்க கொள்ளுத்தாத்தா ஓடேஜிமி. கையிலே இருக்கிறது அகப்பை. தாடியிலே ஒட்டியிருக்கிற காராமணியைப் போய் முத்துன்னு எழுதியிருக்கான் பாரு, அந்த ஆளுக்கு யாராவது சோறு போடணும்!”

நீ ஏழு வயதில் மிஷன் விடுதிக்குப் போனவன், உனக்கு இது தெரியாது. நம் கொள்ளுத்தாத்தா, பெண்டாட்டி சந்தைக்குப் போன நேரத்தில் பானையின் அடியை நக்கப்போய்த் தலை மாட்டிக்கொண்டு, அதோடு தெருவிலே ஓடினாராம். கெலெடே ஊராரைக் கேலி செய்கிற ஆட்டமாயிற்றே, அந்த வருஷம் அதுதான் முகமூடி. ஊரே உருண்டு சிரித்தது. பார்க்க வந்த அதிகாரி “இது யார்?” என்று கேட்க, மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்குமுன் கொள்ளுத்தாத்தாவே முன்னால் பாய்ந்து, “ராஜா! எங்க ராஜா! எடுத்துட்டுப் போங்க ஐயா, ரொம்ப தூரமா எடுத்துட்டுப் போங்க!” என்று தானே தலையில் சுமந்துபோய் அதிகாரியின் மூட்டைகளோடு வைத்துவிட்டு வந்தாராம். அன்றைக்குக் கட்டிய ‘பானைத் தலையன்’ பாட்டை ஊர் இன்னும் பாடுகிறது. அவன் யார் என்பதுதான் இப்போது நம் வீட்டையும் ஓலோனாடே வீட்டையும் தவிர யாருக்கும் தெரியாது. நானே எத்தனை பேரைப் பார்த்து அந்தப் பாட்டைப் பாடிக் கேலி செய்திருக்கிறேன்!

இப்போது நிலைமையைக் கேள். ஓலோனாடே வாயை அடைக்கத் தினமும் சுடச்சுட அகாரா கொடுக்கிறேன், வாய் நிறைய இருக்கும் வரைக்கும் ரகசியம் பத்திரம். ராஜாவோ, “அது எங்க பாட்டன் முடி, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு வேணும்” என்று முடிக்கு மணி கோக்கிறவரிடம் போட்டோவைக் கொடுத்துவிட்டார். அதனால் தம்பி, உன் பட்டம் பிழைக்க வேண்டுமானால் அந்த மரத்தை அங்கேயே விட்டுவிடு. கரையான் அரித்தது என்று எழுது, கப்பலில் ஏற்ற மறுத்தார்கள் என்று எழுது, நீ வெறுங்கையோடு வா. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, விடவும் மாட்டேன். என் வாயைப்பற்றி உனக்குத் தெரியாதா!

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உன் கால் நல்ல வாசலையே மிதிக்கட்டும், உன் தலை நல்ல இடத்தில் மட்டும் நுழையட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா அவேரோ

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப் பசை கேட்டு அரண்மனை எழுத்தரிடம் போனேன். ராஜா என்னைப் பார்த்துவிட்டார். “வா அவேரோ, புது முடி வந்திருக்கு, எப்படி இருக்குன்னு சொல்லு” என்று தலையில் வைத்துக் காட்டினார். வாய் அகலமும் விளிம்பு மடிப்பும் அச்சு அசல் நம் வீட்டுப் பானை. நான் உதட்டைக் கடித்தேன், முந்தானையைக் கடித்தேன், கடைசியில் தரையில் உட்கார்ந்து சிரித்தேவிட்டேன். “என்னடி?” என்றார். “கபியேசி, மகாராஜா, உள்ளே காராமணி கிடக்குதா பாருங்க” என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன் பட்டம் போயிற்று என்றுதான் நினைத்தேன். ராஜா தலையிலிருந்த முடியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, “தலையை எப்படி எடுத்தாங்க?” என்றார். “பானையை உடைச்சுத்தான்” என்றேன். அவ்வளவுதான், மனுஷன் சிரித்த சிரிப்பில் புது முடி மூக்குவரை இறங்கி, ராணிமார் மூன்று பேரும் ஓடிவந்துவிட்டார்கள். “ஒரு பானையை ராஜான்னு நம்பிக் கடல் தாண்டித் தூக்கிட்டு வர்றவனுக்குக் கொடுக்காம, பட்டத்தை வேற யாருக்குடி கொடுக்கிறது? கொண்டு வரச் சொல்லு!” என்றார். ஆகவே மேலே எழுதியது எதையும் செய்யாதே, கொண்டு வா. ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஓலோனாடே இந்த வருஷத்துக்குப் புது முகமூடி செதுக்கத் தொடங்கிவிட்டார்: கோட்டுப் போட்ட ஒருவன் ஒரு பானைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடுகிறான். உன் மூக்கு மட்டும் சரியாக வரவில்லையாம், பக்கவாட்டில் எடுத்த போட்டோ ஒன்று சீக்கிரம் அனுப்பு.