விழா வலைத்தளமும் என் பதினொரு கட்டங்களும்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் என் முழங்காலும் இங்கே சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் கடிதம்.

உன் மகள் நடத்தும் பரிசோதனை இசை விழாவைப் பற்றிய கவலையை இன்றோடு விட்டுவிடு. வலைத்தளத்தை நான் கையில் எடுத்துவிட்டேன். அவள் செய்திருந்தது முழுக்கக் கறுப்புத் திரை. அதில் கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், அதைத் துரத்திப் பிடித்து அழுத்தினால்தான் தேதி தெரியும். "தேடறதுதான் மாமா அனுபவமே" என்றாள். தேதிக்கே இந்தப் பாடு என்றால் மனுஷன் இடத்தை எப்போது கண்டுபிடிப்பது? இரண்டு வாரத்தில் பதிவு செய்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் ஏணியை வில்லால் தேய்த்து வாசிக்கிறவர், இன்னொருவர் தண்ணீர்த் தொட்டிக்குள் மைக்கை இறக்குகிறவர். இருவருமே மேடை ஏற வேண்டியவர்கள். வெள்ளிக்கிழமைக்குள் அறுபது பேர் சேராவிட்டால் அரங்கத்தைச் செருப்பு விற்பனைக்குக் கொடுத்துவிடுவதாக மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். வேலையை விட்டு, உன் கோபத்தையும் வாங்கிக்கொண்டு ஒரு வருஷம் இதற்கே அலைந்த பெண், என் சமையலறையில் கழுவின தம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

குடியிருப்புப் பராமரிப்பு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் படிவம் தயாரித்தவன் நான். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, பதினொரு கட்டம். கேள்விகளும் எங்கள் பழைய படிவத்திலேயே பொருத்தமாகக் கிடைத்தன: சத்தம் எங்கிருந்து வருகிறது? எப்போது ஆரம்பித்தது? தொடர்ந்து வருகிறதா, விட்டு விட்டா? வீட்டில் எத்தனை பேர் கேட்கிறார்கள்? ரசிகனைப் பற்றி இதைவிட என்ன தெரிய வேண்டும்? விழாவின் பெயரும் தேதியும் அலுவலக வழக்கப்படி கீழே பொடி எழுத்தில். சொந்தக்காரர்கள், பழைய சக ஊழியர்கள், என் பல் வைத்தியர் என்று ஒருத்தரையும் விடாமல் அனுப்பிவைத்தேன். உன் மகள் பார்த்துவிட்டு மறுபடியும் தம்ளர் கழுவப் போய்விட்டாள். அதை நன்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் எத்தனை பேர் தெரியுமா? அறுபத்து மூன்று. ஒருத்தரும் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடவில்லை. எண்ணிக்கையைச் சொன்னதும் மேலாளர் எழுந்து நின்று கை கொடுத்தார். ஆகவே வீம்பு பிடிக்காமல் அடுத்த வாரம் சனிக்கிழமை மாப்பிள்ளையோடு கிளம்பி வா. பெண் வாய்விட்டுச் சொல்லமாட்டாள், ஆனால் முதல் வரிசையில் உங்களுக்கென்று இரண்டு நாற்காலியில் இப்போதே காகிதம் ஒட்டி வைத்திருக்கிறாள்.

மாப்பிள்ளைக்கு என் மரியாதை, உனக்கு என் ஆசி எப்போதும் உண்டு.

அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் படிவங்களை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். விழாவுக்கு வருவதாக ஒருத்தரும் எழுதவில்லை. எல்லோரும் சத்தத்தைப் பற்றிய புகார்ப் படிவம் என்றே நினைத்திருக்கிறார்கள். மோட்டார், மின்விசிறி, மேல்வீட்டு நாற்காலி எல்லாவற்றையும் அந்தச் சனிக்கிழமை வந்து சரிசெய்து தரச் சொல்லியிருக்கிறார்கள். மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். அரங்கம் செருப்புக்குப் போய்விட்டது. உன் மகளும் அறுபத்து மூன்றையும் படித்தாள். ஒரு மாசத்தில் இன்றுதான் சிரித்தாள். "அவங்க வரலைன்னா என்ன மாமா, முகவரிதான் இருக்கே, நாம போவோம், அந்தச் சத்தத்தோடயே வாசிப்போம்" என்று ஏணிக்காரருக்கும் தொட்டிக்காரருக்கும் சொல்லி அனுப்பிவிட்டாள். விழா இனி வீடு வீடாக. முதல் வீடு நாற்பத்தொன்றாம் படிவம். சத்தம்: போனில் அண்ணன். ஆரம்பித்தது: எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து. தொடர்ந்து வருகிறது. முகவரி உன்னுடையது. அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்களே வருகிறோம். முதல் கச்சேரி நான்தானாம்.