நான் நாடி பார்த்த சனிக்கிழமை

என் 1972ஆம் ஆண்டு நாட்குறிப்பில் ஒரு சனிக்கிழமைக்கு நேரே ஒரே வரிதான் இருக்கிறது: “இன்று திருகோணமலை முழுவதையும் நோயாளியாக்கினேன்.” மிகையில்லை (சரி, கொஞ்சம் மிகை).

அந்த நாட்களில் என் கவலை கல்யாணம். சரோஜாவுக்கும் எனக்கும் பேசி முடித்து ஒன்றரை வருடமாகியும், “உத்தியோகம் நிரந்தரமாகட்டும் தம்பி” என்று அவளுடைய தகப்பனார் தள்ளிக்கொண்டே வந்தார்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து இதயக் கண்காட்சி ஒன்று லொறியில் வந்து நகர மண்டபத்தில் இறங்கியது. காகிதத்தை உருட்டி நெஞ்சொலி கேட்ட காலத்திலிருந்து இதயமாற்றுச் சத்திரசிகிச்சை வரை எல்லாம் கண்ணாடிப் பெட்டிகளில். சரித்திர ஆண்டுகளை மனப்பாடமாக ஒப்புவிப்பவன் என்பதால் என்னையும் தொண்டனாக்கி, வாசலில் நாடி பார்க்க இருத்தினார்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். அரைகுறைக் கணக்கு எனக்குப் பிடிக்காது. முழு நிமிடமும் எண்ணினேன். சொற்படி இரண்டால் பெருக்கவும் செய்தேன்.

கிண்ணியா மீன் வியாபாரி ஒருவருக்கு நூற்று ஐம்பத்தாறு.

“நூறுக்கு மேல எண்டா டொக்டரிட்டக் காட்ட வேணும், நானா,” என்றேன், அண்ணன் முறை சொல்லி.

“இந்த நெஞ்சோடயா தம்பி காலம்பற தோணி வலிச்சனான்?”

பிறகு வந்தவர் சரோஜாவின் தகப்பனார். நூற்று நாற்பத்தெட்டு. கதிரையை விட்டு எழும்பவில்லை.

“எத்தினை நாள் தாங்கும்?”

“அது சொல்ல ஏலாது மாமா,” என்றேன், பெரிய வைத்தியர்போல.

“வீட்டில சொல்லாதேங்கோ. ஆவணியிலேயே கலியாண அலுவலை முடிப்பம்.”

அவர் போனதும் என் நாடியைப் பார்த்தேன். நூற்று எண்பது. காதல் என்று நினைத்துக்கொண்டேன்.

பிற்பகலில் ஆஸ்பத்திரி டொக்டர் வந்தார்.

“அங்க ஒரே வரிசை. ஒருத்தருக்கும் ஒரு நோய் வருத்தமும் இல்லை. எப்பிடி எண்ணினனீர்?”

“முழு நிமிசமும், பிழை வரக்கூடாதெண்டு.”

“பிறகு?”

“பெருக்கினனான்.”

“உமக்கு எங்க வேலை?”

“கணக்குப் பகுதியில.”

அவர் என் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார்.

மாலையில் உண்மையைச் சொல்லப் போனேன். பஞ்சாங்கத்தை விரித்து வைத்திருந்த மாமா, “அந்தக் கதை வேண்டாம் தம்பி” என்று கையை உயர்த்தினார். நானும் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டேன் (மரியாதை மட்டுமே காரணமல்ல). ஆவணியில் தாலி கட்டினேன். மாமா அதன்பிறகு இருபத்தாறு வருடம் நன்றாக இருந்தார். இன்றும் நான் எந்தத் தொகையைச் சொன்னாலும் வீட்டில் பாதியாக்கிவிட்டுத்தான் நம்புகிறார்கள்.

“அண்டைக்குப் பின்னேரம் அப்பா வந்து குசினியில தனிய இருந்து சிரிச்சவர்,” என்கிறாள் சரோஜா. அப்படியானால் அவரும் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, எல்லாம் தெரிந்துகொண்டுதான் நாள் பார்த்தாரா? அவர் இருந்த காலத்தில் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. உறுதிப்படுத்தப்படாத தகவலாகவே இதைப் பதிகிறேன்.