ஒன்றுமில்லாததற்கு ஒரு நன்றி

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அத்தை வழக்கம்போல் சுகம். நான் இப்போதுதான் புதிதாகச் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் இரண்டு பேருமே பழைய சுகத்தோடு இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் அதிகம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. போனை உங்கள் அத்தை பிடுங்கி வைத்துக்கொண்டு, “அவருக்கு என்ன சொல்லணுமோ எங்கிட்ட சொல்லுங்க” என்று என் சார்பில் ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது என் மகளுக்குத் தெரியும். ஆனால் நான் பிழைத்து எழுந்ததில் உங்கள் பங்கு என்ன என்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்கே தெரியாது. அதைச் சொல்லி நன்றி கூறத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வேலையைப் பற்றி. அதை நாலு பேருக்கு விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். “மாப்பிள்ளை என்ன பண்றார்?” என்று என் மச்சான் கேட்டபோது, “ஒரு இரும்புத் தொட்டிக்குள்ள இருக்கற காத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துட்டு, உள்ள என்ன இருக்குன்னு பாக்கறார்” என்றேன். “என்ன இருக்காம்?” “ஒண்ணுமில்ல.” “அப்புறம் எதைப் பாக்கறார்?” “அதைத்தான்.” அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சம்பளமாவது வருதா, இல்ல அதுவும் அந்தத் தொட்டிக்குள்ளதானா?” என்றான். இப்படி இருக்கும்போதுதான், எங்களைப் போன்ற சாதாரண ஆட்களுக்காக நீங்கள் எழுதிய புத்தகம் தபாலில் வந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில் ‘சூனியம்’ என்று போட்டிருந்தது. உங்கள் அத்தை அதைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினாள். “நாம அப்படி என்ன குறை வச்சோம்? எதுக்கு மாப்பிள்ளை நமக்குச் சூனியம் அனுப்பறார்?” என்று கேட்டாள். “இது வைக்கற சூனியம் இல்ல, படிக்கற சூனியம்” என்று எவ்வளவோ சொல்லியும் புத்தகம் கொஞ்ச நாள் பால்கனியில்தான் குடியிருந்தது. நானும் அங்கேயே நாற்காலி போட்டுப் படித்தேன்.

மாப்பிள்ளை, சும்மா சொல்லக் கூடாது, முதல் அத்தியாயத்திலேயே எனக்குப் புல்லரித்துப்போனது. நான் காலமெல்லாம் அட்டைப்பெட்டி செய்து விற்கிறவன். மற்றவர்கள் பொருள் விற்கிறார்கள், நான் அதை வைக்கிற வெற்றிடத்துக்கு நாலு பக்கமும் சுவர் கட்டி விற்கிறேன். நீங்களோ, ஒன்றுமில்லாத பெட்டிதான் பூஜ்யம், அந்தக் காலிப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்தால் வெளிப்பெட்டி காலி இல்லை, அதற்குள் ஒரு பெட்டி இருக்கிறதே, ஆகவே அது ஒன்று, இந்த இரண்டையும் சேர்த்து இன்னும் பெரிய பெட்டியில் போட்டால் இரண்டு, இப்படியே வெறும் காலியை வைத்துக்கொண்டு எல்லா எண்களையும் கட்டிவிடலாம் என்று கணக்குக்காரர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். என் பட்டறையில் இத்தனை நாளாக எண்கள் அடுக்கி வைத்திருந்தது எனக்கே தெரியவில்லையே என்று பசைக்காரரைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு வரைக்கும் கட்டி முடித்து, ஒன்று போதாதென்று இன்னும் சில நாலுகளையும் கட்டினோம். நாங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் வண்டிக்காரர் வந்து, செருப்புக் கடைக்குப் போக வேண்டிய பெட்டிகளோடு அவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் செருப்புக் கடைக்காரர் போனில் கத்தினார். “என்னங்க இது, காலிப் பெட்டி கேட்டா பெட்டிக்குள்ள பெட்டி அனுப்பியிருக்கீங்க? பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தா கடைசியில ஒண்ணுமே இல்ல!” நான் பொறுமையாக, “அது ஒண்ணுமில்லாதது இல்லீங்க, அது நாலு” என்றேன். “நாலு என்ன?” “வெறும் நாலு.” பிறகு, “வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க” என்றார். எனக்கு மேலே இங்கே பெரியவர் யார்? உங்கள் அத்தைதான் பேசிச் சமாளித்தாள்.

அடுத்து நீங்கள் எழுதிய இரண்டு தகடு விஷயம். வெற்றிடத்தில் இரண்டு உலோகத் தகடுகளை மிக மிக நெருக்கமாக வைத்தால், யாரும் தள்ளாமலே அவை ஒன்றையொன்று நோக்கி நகரப் பார்க்கும் என்று படித்தேன். உலோகத்துக்கு எங்கே போவது என்று இரண்டு அட்டைகளை நெருக்கி வைத்துப் பார்த்தேன். கெட்டியாக ஒட்டிக்கொண்டன! தலைகால் புரியாமல் ஓடிப்போய் அத்தையிடம் காட்டினேன். அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “பசை காயல” என்றாள். போகட்டும். ஆனால் அந்த அத்தியாயத்தில் ஒரு வரி என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. காற்றை எடுத்து, வெளிச்சத்தை எடுத்து, சூட்டையும் முடிந்தவரை எடுத்த பிறகும் ஒரு சின்ன நடுக்கம் மிஞ்சும், அதை மட்டும் யாராலும் எடுக்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். வெற்றிடம் என்பது பெயர்தான், சும்மா இருக்க அதற்கு வராது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அதிகம் புழங்கும் சொல் உங்கள் அத்தையின் ‘ஒண்ணுமில்ல’. ஏன் முகம் வாட்டமாக இருக்கிறது என்றால் ஒண்ணுமில்ல. சமையலறையில் என்ன விழுந்தது என்றால் ஒண்ணுமில்ல. உங்களுக்குக் கல்யாணம் ஆகி என் மகள் கிளம்பிப் போன பிறகு அவள் அறையில் தனியாக உட்கார்ந்து என்ன செய்கிறாய் என்று கேட்டாலும் ஒண்ணுமில்ல. நானும் அதைப் பூஜ்யம் என்றே எடுத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினோம். லிப்ட் வழக்கம்போல் வேலை செய்யவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு, அவள் களைத்துவிடக் கூடாதே என்று அவளுக்காக அங்கங்கே நின்று நின்று படியேறி வந்தேன். உள்ளே நுழைந்ததும் உங்கள் அத்தை சோபாவில் உட்கார்ந்து நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். “என்ன?” என்றேன். “ஒண்ணுமில்ல.” உங்கள் புத்தகத்தைப் படிக்காதவனாக இருந்திருந்தால் பேப்பரை விரித்திருப்பேன். படித்தவன் ஆயிற்றே! “என்ன மாதிரி ஒண்ணுமில்ல? காலிப் பெட்டியா, பெட்டிக்குள்ள காலிப் பெட்டியா?” என்று கேட்டேன். “உங்களுக்கு முத்திப்போச்சு” என்றாள். கையை மட்டும் நெஞ்சிலிருந்து எடுக்கவே இல்லை. மாப்பிள்ளை, உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், இவள் இல்லாத இந்த வீட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். அந்தச் சூனியத்தை என்னால் தாங்கவே முடியாது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அதே படியில் இறங்கி, பக்கத்துத் தெரு டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

அந்த அம்மா அவளை எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, “இவங்களுக்கு ஒண்ணுமில்ல” என்றார். நான் விடுவேனா? “டாக்டர், ஒண்ணுமில்லன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. எல்லாத்தையும் எடுத்தாலும் ஒரு நடுக்கம் இருக்கும்” என்று ஆரம்பித்து, பெட்டி, தகடு, தொட்டி என்று உங்கள் புத்தகத்தையே ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பாதியில் மூச்சு வாங்கியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அந்த அம்மா என் பேச்சைக் காதில் வாங்கவில்லை, என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். “பெரியவரே, நீங்க கொஞ்சம் அந்தக் கட்டில்ல படுங்க” என்றார். “பேஷன்ட் அவங்க, நான் இல்ல” என்றேன். “தெரியும், படுங்க” என்றார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். தாளில் கோடு ஓடியது. அதைப் பார்த்ததும் அந்த அம்மா போனை எடுத்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் என் இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி அன்றைக்கே சரி செய்தார்கள். மெல்லிய கம்பிக் குழல் ஒன்றை உள்ளே விட்டு வழியைத் திறந்து வைத்திருக்கிறார்களாம். இன்னும் தாமதித்திருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டேன் என்றார்கள். காலியாக இருக்க வேண்டிய இடம் காலியாக இல்லாததுதான் என் வியாதி. ஆள் உயிரோடு நடமாட உள்ளுக்குள் கொஞ்சம் வெற்றிடம் வேண்டியிருக்கிறது, மாப்பிள்ளை. இனிமேல் உங்கள் வேலையை யாராவது கேலி செய்தால் சட்டையைக் கழற்றிக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

உங்கள் புத்தகம் மட்டும் வராமல் இருந்திருந்தால் நான் அவளைக் கூட்டிப் போயிருக்க மாட்டேன், டாக்டர் என்னைப் பார்த்திருக்க மாட்டார். என் பெண்ணை உங்களுக்குக் கொடுத்தேன், நீங்கள் என் உயிரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் தீண்டாமல், மனம் நிறைந்து, ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட காலம் வாழ வேண்டும். என் மகளை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் தொட்டியையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்களால் பிழைத்த மாமா

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் இதை உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “எனக்கு எங்கேங்க வலிச்சுது? படியேறும்போதெல்லாம் நீங்கதான் நின்னு நின்னு, சுவத்துல என்னவோ பாக்கற மாதிரி மூச்சு வாங்குனீங்க. டாக்டர்கிட்ட போலாம்னா சண்டைக்கு வந்தீங்க. உங்களுக்குன்னா வர மாட்டீங்க. எனக்குன்னா இழுத்துட்டு ஓடுவீங்க. அதான் நெஞ்சுல கையை வச்சேன். டாக்டரம்மாகிட்ட முன்னாடியே போன்ல சொல்லியும் வச்சுட்டேன்” என்றாள். ஆக, மாப்பிள்ளை, உங்கள் புத்தகம் இல்லாமலே நான் பிழைத்திருப்பேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுத் திரும்ப எழுதக் கையில் தெம்பில்லை. நன்றியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், குடும்பத்துக்குள்தானே இருக்கப் போகிறது. அவளுக்கும் சொல்ல வேண்டுமே என்று எழுந்து பக்கத்தில் போய் நின்றேன். கண்தான் கலங்கியது. “என்னங்க?” என்றாள். “ஒண்ணுமில்ல” என்றேன். “தெரியுது, மாத்திரையைப் போடுங்க” என்றாள்.