கடலம்மாவின் கெட்ட குச்சிகள்

ஹாங்காங்,
குதிரை ஆண்டு, ஏழாம் மாதம்.

பினாங்கில் இருக்கும் தம்பி சௌபிங்குக்கு அண்ணன் சௌலாம் ஆசியுடன் எழுதுவது. உன் அரிசி ஆலையில் எலி பெருகாமலும், மழைக்காலத்தில் உன் முழங்கால் வீங்காமலும் கடலம்மா காத்தருள வேண்டும். அந்தக் கடலம்மாவை இப்போது யார் காப்பது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் அண்ணியும் நானும் அடுத்த கப்பலில் வருகிறோம். துறைமுகத்துக்கு வந்துவிடு.

போன வருஷம் சர்க்காரின் புதுச் சட்டப்படி நம் கோயிலைப் பதிவு செய்ய ஒரு குமாஸ்தா வந்தார். நம் ஆள்தான், தொப்பி மட்டும் வெள்ளைக்காரத் தொப்பி. "இந்தக் கோயில் யாருக்குச் சொந்தம்?" என்றார். "அம்மாவுக்கு" என்றேன். "கூப்பிடுய்யா அந்தம்மாவை, வந்து கையெழுத்துப் போடட்டும்." "அவங்க நாற்காலிய விட்டு எந்திரிச்சு எண்ணூறு வருஷமாச்சுங்க." அவர் சிரிக்கவில்லை. இனி உண்டியலும் எண்ணெய்க் காசும் தர்மத்துக்கு, அதாவது ஏழைகள் ஆஸ்பத்திரிக்கும் வக்கற்றவர்களின் அடக்கத்துக்கும் போகும் என்றார். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உரிமை ஏலத்தில் அதிகம் கேட்பவருக்கு என்றார். நானும் கேட்டேன், வாத்துக்கடை புங் என்னைவிட அதிகம் கேட்டான், அப்பா காலத்திலிருந்து நாம் விளக்கேற்றிய அம்மா வாத்துக்கடைக்காரன் கைக்குப் போனாள், என்னைப் பெருக்குகிற வேலைக்கு வைத்துக்கொண்டான், அதற்கு நான் குனிந்து நன்றியும் சொன்னேன்.

புங் கெட்டவன் இல்லை தம்பி, வியாபாரி. ஏலத்தில் விட்டதை எடுக்க வேண்டுமே என்று பயந்தான். குடுவையில் போட்டுக் குலுக்கி, வெளியே விழுவதை வைத்துக் குறி பார்க்கிற மூங்கில் குச்சிகளில் கெட்ட பலன் சொல்பவற்றையெல்லாம் பொறுக்கி அடுப்பில் போட்டுவிட்டான். "யோவ், காசு குடுத்து எவனாவது கெட்ட சேதி வாங்குவானா? என் கடையில கருகின வாத்தை விக்கிறேனா?" என்றான். அன்றிலிருந்து எங்கள் விரிகுடாவில் துரதிர்ஷ்டம் என்பதே கிடையாது. சூதாடிக்கு ஜெயம், கடன்காரனுக்குப் புதையல், பல்லெல்லாம் கொட்டிப்போன லோக் கிழவருக்குக் கல்யாண யோகம். கிழவர் தலைக்கு மை பூசிக்கொண்டு படகுத்துறையில் உலாத்தினார். பக்கத்து ஊர்க் கூட்டமெல்லாம் இங்கே வந்தது. உண்டியல் நிரம்ப, குமாஸ்தா புங்கின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

போன வாரம் படகுக்காரி யின்ஹோ வந்து, புருஷன் ஷெங் கடலுக்குப் போகலாமா என்று குடுவையைக் குலுக்கியிருக்கிறாள். வேறென்ன விழும்? உத்தமத்தில் உத்தமம். நான் அப்போது மலையடியில் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். வானம் மஞ்சளாக இருந்தும் ஷெங் போய்விட்டான். மாலையில் சூறாவளி. அவன் திரும்பவில்லை.

யின்ஹோ அந்தக் குச்சியோடு மறுபடி வந்தாள். அழவில்லை. "இதைப் படிச்சுச் சொல்லுங்க. நல்லதா, கெட்டதா?" என்றாள். புங் விளக்குத் திரியைத் தூண்டப் போய்விட்டான். "கெட்டதையெல்லாம் எங்கண்ணே வச்சிருக்கீங்க?" என்று என்னைக் கேட்டாள். நான் அடுப்பைக் காட்டினேன்.

அன்றே மூங்கில் வெட்டி, கெட்ட குச்சிகளைப் புதிதாகச் செதுக்கிக் குடுவையில் கலந்தேன். என் நேரம், முதலில் குலுக்கியவர் குமாஸ்தா, பதவி உயர்வு கேட்டு. "ஏணி முறியும், கால் ஒடியும்" என்று வந்தது. விசாரித்தார், கண்டுபிடித்தார், நான் செதுக்கியதையும் அடுப்பில் போட்டார். "தர்ம வருமானத்தைக் கெடுக்கிறியே, நோயாளிங்க கஞ்சியில மண்ணு போடுறியே, நீயெல்லாம் மனுஷனா?" என்று என்னைத் தெருவில் தள்ளினார். தர்மமாம் தர்மம்! அந்தக் காசில் ஒரு சல்லி எந்த ஏழையின் கைக்காவது போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. இந்த ஊரும் வேண்டாம், அம்மாவும் வேண்டாம். உன் ஆலையில் சாக்குத் தைத்துப் பிழைத்துக்கொள்கிறேன்.

உன் சார்பில் அப்பா அம்மா கல்லறைக்குத் தூபம் காட்டினேன். அவர்களுக்கு உன்மேல் கோபமில்லை, என்மேல் இருக்கலாம். உன் வீட்டாருக்கு நீண்ட ஆயுளும் நல்ல பற்களும் வாய்க்கட்டும்.

அண்ணன்,
குவாங் சௌலாம்

பி.கு.: துறைமுகத்துக்கு வராதே. இன்று காலை கடல் ஷெங்கைத் திருப்பித் தந்தது. சவப்பெட்டி செய்யப் பலகைக்குக்கூட யின்ஹோவிடம் வழியில்லை. தர்ம ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியும் வந்தது, மலையில் இடமும் வந்தது, எல்லாம் கோயில்களின் காசு. தர்மத்தைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடு. பெட்டிக்கு ஒரு பக்கம் நான் தோள் கொடுத்தேன், மறுபக்கம் புங். புதைத்துவிட்டு இறங்கினோம். அடிவாரத்தில் அவன் நின்று, "குமாஸ்தாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். கெட்ட குச்சி எத்தனை போடணும்?" என்றான். முப்பது என்றேன். "இருபதுல முடிக்கக் கூடாதா?" என்றான். பேரம் இன்னும் முடியவில்லை, தம்பி. நான் மூங்கில் வெட்டப் போகிறேன்.