மூச்சையாவும் நான்கு டம்ளர் பாலும்

நாய்க்கு நோய் வந்தால் நாக்கைப் பார்ப்பார்கள், வயிற்றைத் தொடுவார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், நீங்கள் அந்த ஊர்க்காரர் இல்லை. அந்த ஊரில் நாயின் மூக்கில் ஊதுவார்கள். ஊதுகிறவர் பெயர் மூச்சையா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறாக இருக்கலாம், யாரும் கேட்டதில்லை.

பழைய லாரி ஷெட் ஒன்றுக்கு நீல வண்ணம் அடித்து, நடுவில் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஷெட் வாசலிலிருந்து பஸ் டிப்போ வரைக்கும் வரிசை. இருமுகிற நாய், சொறிகிற நாய், பேதியாகிற நாய், ஒரு குறையும் இல்லாமல் முதலாளிக்குத் துணையாக வந்த நாய். எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று மூக்கை வைத்து நிற்கும். ஆரோக்கியமாக வந்த நாய் அடுத்த வாரம் இருமலோடு வரும். பக்தி பெருக இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

வைத்தியம் எளிது. மூன்று ஊது, ஒரு சிட்டிகை தூள். தூள் என்றால் வேறொன்றுமில்லை, அவர் மூச்சை ஏற்றி வைத்த வெறும் மாவுதானாம். கட்டணம் கேட்க மாட்டார், பெட்டியை மட்டும் காட்டுவார். இருமல் பத்து நாளில் தானாகப் போனால் மூச்சையாவின் மகிமை. போகாவிட்டால் வீட்டில் யாரோ சந்தேகப்பட்டுவிட்டார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. தடுப்பூசி கூடாது. ஊசி குத்தினால் தோலில் ஓட்டை விழும், ஏற்றிய மூச்சு அதன் வழியே கசிந்துவிடும் என்றார். அதைக் கேட்டு வரிசையே தலையாட்டியது. தலையாட்டியவர்களில் ஒருவர் கணக்கு வாத்தியார். மூச்சையாவின் காலடியில் ஒரு கொழுத்த வெள்ளை நாய் படுத்திருக்கும். தன் மூச்சிலேயே வளர்ந்ததாம், ஒரு தும்மல்கூடப் போட்டதில்லையாம்.

வரிசையில் தவறாமல் நின்ற இன்னொருவர் பஸ் டிரைவர். அவர் மனைவிக்குப் பால் சேகரிப்பு நிலையத்தில் வேலை. வருகிற பாலையெல்லாம் சோதித்துப் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று சொல்கிறவள். பாலக்கா என்றால் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் வீட்டு நாய் பட்டன். மூக்கு கோட்டுப் பொத்தான் மாதிரி இருந்ததால் வந்த பெயர்.

பட்டனுக்கு அரிப்பு வந்தது. டிரைவர் தூள் கொடுத்தார். இரண்டு நாளில் அடங்கியது, நிறுத்தினார். மறுபடி வந்தது, மறுபடி ஒரு சிட்டிகை. இப்படியே எட்டு மாதம். கடைசியில் பின்னங்காலில் புண் வைத்து, சீழ் பிடித்து, பட்டன் சோற்றையும் தொடவில்லை. பாலக்காதான் தூக்கிக்கொண்டு நாய் டாக்டரம்மாவிடம் ஓடினாள். அவர் முதலில் கொடுத்த மாத்திரை ஒரு வாரமாகியும் கேட்காததால், மறுபடி கணவனும் மனைவியுமாகப் போனார்கள். டாக்டரம்மா சீழை எடுத்து ஆய்வுக்கு அனுப்பிவிட்டு, இருவரையும் உட்கார வைத்துக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி என்ன மருந்து குடுத்தீங்க?"

"ஒண்ணுமே குடுக்கல டாக்டர். மூச்சு மட்டும்தான்," என்றார் டிரைவர்.

டாக்டரம்மா அதை நம்பவில்லை. ஏதோ மருந்தை அரைகுறையாகக் கொடுத்துக் கொடுத்துக் கிருமியைப் பழக்கிவிட்டிருக்கிறார்கள், பலவீனமான கிருமி செத்துப் பலமானது பெருகியிருக்கிறது என்றார். ஆய்வு முடிவு வர நாலு நாளாகும். அதுவரை குருட்டாம்போக்கில் மருந்து மாற்றினால் காலை எடுக்க வேண்டி வரலாம். முன்னால் கொடுத்தது எது என்று தெரிந்தால் அதை ஒதுக்கிவிட்டு இன்றே தொடங்கலாம்.

வீட்டுக்கு வரும் வழியில் டிரைவர் சொன்னார்: "நீ சந்தேகப்பட்டுட்டே இருக்க. அதான் ஆறல."

பாலக்காவுக்கு அழுகை வந்தது. மடியில் பட்டன் சுடச்சுடக் கிடந்தது. அந்தச் சூட்டுக்கும் தன் சந்தேகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. வேறொன்று செய்தாள். பால் நிலையத்தில் அவள் அன்றாடம் செய்வதுதான். நோய்வாய்ப்பட்ட மாட்டுக்கு மருந்து போட்டிருந்தால் அது பாலில் இறங்கிவிடும். அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிராகாது. தூளில் கொஞ்சத்தைப் பாலில் கலந்து உறை ஊற்றி வைத்தாள். மறுநாள் காலை பால் பாலாகவே இருந்தது.

கணவனிடம் காட்டினாள். "உறை சரியா ஊத்தியிருக்க மாட்ட," என்றார்.

பன்னிரண்டு வருஷமாக உறை ஊற்றிச் சோறு தின்கிறவளிடம் சொன்ன வார்த்தை அது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு கேன் பாலையும் நான்கு டம்ளரையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குக் கிளம்பிவிட்டாள். டிரைவர் மானம் போகிறதே என்று பின்னாலேயே வந்தார்.

வரிசை முழுக்கக் கேட்கும்படி மூச்சையாவிடம் கேட்டாள்: "ஐயா, இந்தத் தூள்ல மருந்து ஏதாவது இருக்குங்களா?"

"ஒரு தூசி கூட இல்லம்மா. மாவும் மூச்சும்தான்."

"அப்ப பால்ல போட்டா தயிராகுமா?"

"ஏன் ஆகாது? இன்னும் ருசியா ஆகும்." கூட்டம் சிரித்தது. மூச்சையாவும் சிரித்தார். அவருக்குப் பால்காரர்கள் தொழில் தெரியாது.

ஒரே பால், ஒரே உறை. முதல் டம்ளரில் ஒன்றும் சேர்க்கவில்லை. இரண்டாவதில் கடை மாவு ஒரு சிட்டிகை. மூன்றாவதில் மூச்சையாவே கன்னம் உப்ப மூன்று முறை ஊதினார், கேட்காமலே நாலாவது முறையும் ஊதினார். கடைசி டம்ளரில் தூள். கணக்கு வாத்தியார் எண் எழுதி ஒட்டினார். டம்ளர்களை ஒரு மரப்பெட்டியில் வைத்துக் கம்பளி சுற்றி மூடினாள். பெட்டியைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் வாத்தியாருக்கே. பால் உறையும் வரை ஊதல் தடையின்றி நடந்தது.

சாயங்காலம் பெட்டியைத் திறந்தார்கள். பாலக்கா முதல் டம்ளரைச் சாய்த்தாள். கட்டித் தயிர், அசையவில்லை. மாவு போட்டதும் தயிர். மூச்சையா ஊதியதும் அருமையான தயிர். நாலாவதைச் சாய்த்தாள். பால் வழிந்து வாத்தியாரின் செருப்பை நனைத்தது.

மூச்சையா அசரவில்லை. "பாத்தீங்களா? என் சக்திக்குப் பயந்து பாலே உறைய மாட்டேங்குது."

கூட்டம் ஆவென்று வாயைப் பிளந்தது. இரண்டு பேர் கைகூப்பியே விட்டார்கள். பாலக்காவுக்கு ஒரு கணம் கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது. பட்டனின் கால் நினைவுக்கு வந்தது.

"ஐயா, உங்க மூச்சு மூணாவது டம்ளர்ல இருக்கு. அது தயிராயிடுச்சு. பாலைத் தயிராக்குறது கண்ணுக்குத் தெரியாத கிருமி. உங்க மூச்சு அதை ஒண்ணும் பண்ணல, மாவும் பண்ணல. தூள் கொன்னுருக்கு. அதுல என்ன கலந்தீங்க? எங்க நாய்க்குக் கால் போகப்போகுது. பேரை மட்டும் சொல்லுங்க."

மூச்சையா முதல் முறையாக மூச்சு விடாமல் இருந்தார்.

டிரைவர் நாலாவது டம்ளரை எடுத்துத் தானும் ஒரு முறை சாய்த்துப் பார்த்தார். பிறகு யாரிடமும் ஒன்றும் கேட்காமல் நாற்காலிக்குப் பின்னால் இருந்த அறைக்குள் போனார். ஒரு மிக்சியோடும் பெரிய மாத்திரை டப்பாவோடும் வந்தார். கோழிப் பண்ணைக்கு விற்கிற கிருமிக்கொல்லி மருந்து, பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. டப்பாவுக்கு அடியில் ஒரு அட்டை. அதை விரித்து டிரைவர் உரக்கப் படித்தார். வெள்ளை நாய், வயது ஐந்து, தடுப்பூசி ஐந்து வருஷமும் தேதி தவறாமல்.

"அப்ப அந்த ஓட்டை?" என்றார் கணக்கு வாத்தியார்.

பதில் சொல்ல மூச்சையா இல்லை. ஊதுவதைவிட ஓடுவதில் கெட்டிக்காரர். வெள்ளை நாய் அவரையும் முந்திக்கொண்டு ஓடியது, அவ்வளவு ஆரோக்கியம்.

மருந்தின் பெயர் தெரிந்ததும் டாக்டரம்மா அன்றே வேறொன்று தொடங்கினார். நாலு நாளில் வந்த ஆய்வு முடிவும் அதுவே சரி என்றது. டிரைவர் காலை ஷிப்டுக்கு முன் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று தன் கையாலேயே கொடுத்தார். ஆறாம் நாள் புண் காய்ந்துவிட்டதே, போதும் என்று டப்பாவை மூடப் போனார். டாக்டரம்மா சொன்ன தேதி வரைக்கும் கொடுத்தாக வேண்டும், அரைகுறையாக நிறுத்தித்தானே இந்தக் கதி என்றாள் பாலக்கா. மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். பட்டன் லேசாக நொண்டுகிறது, ஆனால் நாலு காலிலும்தான் நொண்டுகிறது. தடுப்பூசியும் போட்டாயிற்று. ஓட்டை எதுவும் தென்படவில்லை.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு பாலக்கா கதவைத் திறந்தால் வாசலில் வரிசை. இருமுகிற நாய், சொறிகிற நாய், எல்லாம் மூக்கோடு மூக்கு. முதல் ஆளாகக் கணக்கு வாத்தியார், கையில் ஒரு டம்ளர்.

"தயிரம்மா, உங்க கைபட்ட தயிர் ஒரு ஸ்பூன் குடுத்தா போதும், நாய்க்குக் குணமாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க," என்றார் பயபக்தியோடு.

பாலக்கா உள்ளே போய் ஒரு பலகையில் எழுதிக்கொண்டு வந்து கதவில் மாட்டினாள். அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

"இங்கே அருள் கிடைக்காது. நாய்க்கு ஊசி, மருந்து: இரண்டு தெரு தள்ளி, டாக்டரம்மா. மூளை: அவரவர் கழுத்துக்கு மேலே. வரும்போது மறக்காமல் எடுத்து வரவும்."